135 நாளில் ஒரு ஒலிம்பியாட்: மாமல்லபுரம் 2022 எப்படி நடந்தது

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. மறுநாளே உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவசரமாகக் கூடி, நாடுகளின் அணிகள் மோதும் 44-வது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்காது என்று அறிவித்தது. ஏற்கெனவே அலைக்கழிந்த போட்டி அது. முதலில் 2020-ல் சைபீரியாவின் கான்டி மான்சிஸ்க் நகரத்தில் நடப்பதாக இருந்தது. பிறகு மாஸ்கோவுக்கு மாறியது. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. இப்போது நடத்த ஊரே இல்லை, ஜூலை கடைசிக்கு ஐந்து மாதம்தான் இருந்தது.

பதினெட்டு நாள் கழித்து, மார்ச் 15 அன்று, போட்டி சென்னைக்கு என்று அறிவிப்பு வந்தது. தொடக்க விழா ஜூலை 28. இடையில் இருந்தது 135 நாள்.

அந்த நாட்களில் என்ன நடந்தது, ஏன் அது கைகூடியது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம், அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்தப் பெரிய விளையாட்டுப் போட்டி பற்றிப் பேச்சு எழுந்தாலும் "நாலு மாசத்துல ஒலிம்பியாட்டே நடத்தினோமே" என்ற வாதம் முதலில் வந்து நிற்கிறது. நடத்தியது உண்மை. பெருமைப்பட வேண்டிய உண்மை. ஆனால் அந்த நான்கு மாதத்துக்குள் அடங்கியது எது, அதற்கு வெளியே வெகுகாலமாகச் சேர்ந்திருந்தது எது என்று பிரித்துப் பார்க்காவிட்டால், அடுத்த போட்டிக்குத் தவறான பாடத்தைத்தான் எடுத்துச் செல்வோம்.

கேட்டது யார், கொடுத்தது ஏன்

ரஷ்யாவிடமிருந்து போட்டி கைமாறியதும் அகில இந்திய செஸ் கூட்டமைப்பு உடனே களத்தில் இறங்கியது. அதன் அப்போதைய செயலாளர் பரத் சிங் சவுகான் மாநில அரசுகளோடு பேச்சைத் தொடங்கினார். டெல்லி, குஜராத் பெயர்களும் அடிபட்டன. கூட்டமைப்பு ஒரு கோடி டாலருக்கு உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 75 கோடி ரூபாய். ஒரு விளையாட்டுச் சங்கம் தனியாகத் தூக்கக்கூடிய சுமை இல்லை இது. பின்னால் ஒரு அரசு நின்றால்தான் நடக்கும். தமிழ்நாடு அரசு நின்றது. கடைசியில் இந்தப் போட்டிக்கென அரசு செலவிட்டது நூறு கோடியை ஒட்டிய தொகை.

சென்னை இவ்வளவு விரைவாகச் சரி என்று சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன், 1961-ல் அந்தப் பட்டம் பெற்றபோதே இந்த மாநிலத்துக்காரர். 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் முன்னாள் உலக சாம்பியன் மிகயில் தால் பெயரில் ஒரு செஸ் கிளப் தொடங்கியது. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கேதான் ஆடிப் பழகினார். ஆனந்துக்கு அப்புறம் ஊரெங்கும் பயிற்சி மையங்கள் முளைத்தன. 2022-ல் இந்தியாவிலிருந்த கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தமிழ்நாட்டுக்காரர்கள். 2013-ல் ஆனந்த் – கார்ல்சன் உலகப் பட்டப் போட்டியைச் சென்னை நடத்தியபோது அன்றைய அரசு 29 கோடி ரூபாய் கொடுத்தது.

இந்தப் பட்டியலில் வீரர்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்களைச் சுற்றி வளர்ந்த இன்னொரு கூட்டம். வார இறுதியானால் பள்ளி வளாகங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இருநூறு, முந்நூறு பிள்ளைகளை உட்காரவைத்து ஒன்பது சுற்று நடத்தி, மாலைக்குள் பரிசும் கொடுத்து அனுப்பிவிடுகிற மாவட்டச் சங்கத்து ஆட்கள். நடுவர் தேர்வு எழுதித் தேறியவர்கள். ஏறக்குறைய ஒரே புள்ளி எடுத்தவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில் ஜோடி போடும் மென்பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்குகிறவர்கள். சாப்பாட்டுப் பையோடு வெளியே காத்திருந்தே ஆட்ட விதிகளையெல்லாம் கற்றுக்கொண்ட பெற்றோர். அறிவிப்பு வந்த நாளில் சென்னையிடம் அரங்கம் தயாராக இல்லை. இந்த ஆட்கள் தயாராக இருந்தார்கள். எந்த நிதி ஒதுக்கீட்டாலும் நாலு மாதத்தில் இவர்களை உருவாக்கியிருக்க முடியாது.

எழுநூறு பலகை

ஒலிம்பியாட்டின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். 186 நாடுகள். பொதுப் பிரிவில் ஒரு சுற்றுக்கு 94 மோதல், பெண்கள் பிரிவில் 81. மொத்தம் 175. ஒவ்வொரு மோதலும் நான்கு பலகையில் நடக்கும். ஆக, ஒரே நேரத்தில் 700 பலகை, 1,400 பேர். நடுவில் ஒரே ஒரு நாள் ஓய்வோடு, பதினொரு சுற்று.

இவ்வளவு பேரும் ஒரே கூரையின் கீழ், அமைதியாக, குளிரூட்டிய அரங்கில், ஐந்தாறு மணி நேரம் உட்கார வேண்டும். சென்னை நகரத்துக்குள் அப்படி ஓர் இடத்தையும், கூடவே பக்கத்திலேயே தங்குமிடங்களையும் பிடிப்பது கடினம். அதனால் போட்டி நகரத்தை விட்டு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்குப் போனது. அங்கே ஒரு தனியார் நட்சத்திர விடுதியில் 22,000 சதுர அடி அரங்கம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. பக்கத்திலேயே 52,000 சதுர அடியில் இரண்டாவது அரங்கம் புதிதாக எழும்பியது. முன்னணி அணிகளின் ஆட்டங்கள் முதல் அரங்கில், மற்ற பெரும்பாலான பலகைகள் இரண்டாவதில்.

என்னைக் கேட்டால், மொத்த ஏற்பாட்டிலும் இதுதான் மிகச் சரியான முடிவு. பெயருக்கு "சென்னை ஒலிம்பியாட்". ஆனால் ஆடுகளம், விடுதிகள், பேருந்துத் தடம் எல்லாமே கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மகாபலிபுரம் சாலையும் சேர்கிற பகுதியிலேயே அடங்கிவிட்டன. மத்திய கைலாஷ் சிக்னலையோ கிண்டி நெரிசலையோ தினமும் கடக்க வேண்டிய நிலை வீரர்களுக்கு வரவில்லை. மாமல்லபுரத்துக்கு இன்னொரு அனுபவமும் இருந்தது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தது இங்கேதான். உலகமே பார்க்கிற நாளில் ஊரைத் துடைத்து வைப்பது, பாதுகாப்பு வளையம் போடுவது எல்லாம் மாநில நிர்வாகம் இங்கே ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்த வேலை.

அப்புறம் அந்தப் பலகைகள். பார்க்க எளிய மரப்பலகை போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலும் உணரி இருக்கிறது, ஒவ்வொரு காயின் அடியிலும் கம்பிச்சுருள் இருக்கிறது. குதிரையைத் தூக்கி இன்னொரு கட்டத்தில் வைத்ததும் அந்த நகர்வு கேபிள் வழியாகக் கணினிக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுக்கப் பார்க்கிறவர்களின் திரைக்குப் போய்விடும். பக்கத்திலிருக்கும் கடிகாரமும் அதோடு இணைந்திருக்கும். ஆட்டம் முடிந்ததும் முடிவைக் கணினிக்குச் சொல்ல ஒரு வழக்கம் உண்டு. இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் வைப்பார்கள். வெள்ளைக் கட்டங்களில் வைத்தால் வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக் கட்டங்களில் வைத்தால் கறுப்புக்கு வெற்றி, ஆளுக்கொரு நிறக் கட்டம் என்றால் டிரா. கை குலுக்கிய அவசரத்தில் யாராவது ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டுப் போனால் திரையில் முடிவு தப்பாக வரும். இதைக் கவனிக்கவும் மேசைக்கு மேசை ஆள் வேண்டும்.

இங்கே கடைசி மேசை வரைக்கும் மின்னணுப் பலகை போட்டார்கள். தரவரிசையில் அடியிலிருக்கும் ஒரு சின்னத் தீவு நாட்டின் நான்காம் பலகை ஆட்டத்தை, அந்த நாட்டில் உட்கார்ந்து ஒரு அம்மா பார்க்கலாம். செலவுக்கணக்கில் இது ஒரு வரிதான். விளையாட்டை மதித்து எடுத்த முடிவு என்று இதைத்தான் சொல்வேன்.

எழுநூறு பலகைகள் ஒரே நேரத்தில் தரவு அனுப்பும்போது எங்கே இடறும் என்று காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஜூலை 24 அன்று, தொடக்க விழாவுக்கு நான்கு நாள் முன்பு, அதே அரங்குகளில், அதே பலகைகளில் ஒரு பயிற்சிப் போட்டி நடத்தினார்கள். 1,400-க்கும் மேற்பட்டவர்கள் வந்து ஆடினார்கள். பிள்ளைகளுக்கு ஒலிம்பியாட் நாற்காலியில் உட்கார்ந்த சந்தோஷம். ஏற்பாட்டாளர்களுக்கு மின்சாரம், வலையமைப்பு, குளிரூட்டல், கழிப்பறை வரிசை, நுழைவாயில் சோதனை எல்லாம் முழு எடையில் ஒருநாள் ஓடிப் பார்த்த நிம்மதி. பெரிய நிகழ்ச்சி நடத்தப்போகிற யாருக்கும் இந்த நான்கு மாதத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன் என்றால் இந்த ஒத்திகையைத்தான் சொல்வேன். ஒத்திகையை இவ்வளவு பெரிதாக, நிஜக் கூட்டத்தோடு நடத்த முடிந்ததற்கும் காரணம் பழையதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 1,400 செஸ் ஆட்டக்காரர்களைத் திரட்டக்கூடிய ஊர்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

அறை, பேருந்து, சாப்பாடு

செஸ் ஒலிம்பியாட்டில் அணிகளின் தங்குமிடமும் உணவும் நடத்துகிற ஊரின் பொறுப்பு. மாற்று வீரரையும் சேர்த்து அணிக்கு ஐந்து வீரர்கள், ஒரு கேப்டன் என்று வைத்தால் 350 அணிக்கு 2,100 பேர். ஏறக்குறைய இரண்டு வாரம். நடுவர்கள், நிர்வாகிகள், ஃபிடே மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகள் எல்லாம் தனி. ஆகஸ்ட் 7 அன்று ஃபிடே தலைவர் தேர்தலே சென்னையில்தான் நடந்தது. அர்காடி துவார்கோவிச் மீண்டும் தலைவரானார், ஆனந்த் துணைத் தலைவரானார்.

ஆகவே இந்தப் போட்டியின் செலவில் பெரும்பகுதி கான்கிரீட்டுக்குப் போகவில்லை, விடுதி அறைக்கும் தட்டுக்கும் பேருந்துக்கும் போனது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் விடுதிகள் இருந்ததால் இது நடந்தது. அவை வார இறுதிச் சுற்றுலாவுக்காகவும் ஐடி நிறுவனக் கூட்டங்களுக்காகவும் வருஷக்கணக்கில் தானாக வளர்ந்தவை. அரசு செய்ய வேண்டியிருந்தது, அந்த அறைகளை மொத்தமாகப் பிடித்து, எந்த நாடு எங்கே என்று பிரித்து, மதியம் மூன்று மணி ஆட்டத்துக்கு எல்லோரையும் நேரத்தில் கொண்டுசேர்ப்பது. நேரம் தவறினால் ஆட்டமே போய்விடும் என்பதால் பேருந்து அட்டவணை இங்கே ஆட்டவிதிக்குச் சமம்.

விமான நிலையத்தில் 180-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்களை வரவேற்பது இன்னொரு வேலை. பல ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் இரண்டு மூன்று விமானம் மாறிக் களைத்து வந்து சேர்கிறவர்கள். கொரோனா அச்சமும் அப்போது முழுசாக விலகியிருக்கவில்லை. விசா மத்திய அரசின் கையில், காவலும் போக்குவரத்தும் மருத்துவமும் மாநிலத்தின் கையில். அரசியலில் எதிரெதிராக நின்ற இரண்டு அரசுகள், இந்த விஷயத்தில் கோப்பை நிறுத்தாமல் நகர்த்தின. மாநிலத்துப் பக்கம் இதற்கென்றே ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியைச் சிறப்பு அலுவலராகப் போட்டு, துறைவாரியாகக் குழுக்கள் அமைத்தார்கள். ஒரு கையெழுத்துக்காக ஏழு மேசை அலைய வேண்டியிருந்தால் 135 நாளில் அறை முன்பதிவுகூட முடிந்திருக்காது.

ஒரு வீராங்கனைக்காகச் செய்த ஏற்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியப் பெண்கள் அணியின் துரோணவல்லி ஹரிகா அப்போது ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி. ஆடுவதா வேண்டாமா என்று கடைசிவரை கேள்வி இருந்தது. மருத்துவ உதவி எந்நேரமும் பக்கத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளப்பட்டது. அவர் ஆடினார், அணியோடு வெண்கலம் வாங்கினார், அந்த மாதமே குழந்தை பிறந்தது. ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வீரர்கள் வந்த இடத்தில் ஒருவருக்காக இப்படி ஏற்பாடு செய்ய முடிந்தது என்பதை எந்த வண்ண விளக்கையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

நேப்பியர் பாலத்தில் கட்டம் வரைந்தது

போட்டி நடப்பது பூஞ்சேரியில். ஆனால் ஊர் முழுக்கத் தெரிய வேண்டுமே. கூவம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் நேப்பியர் பாலத்தின் வளைவுகளையும் சாலைத்தளத்தையும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாற்றினார்கள். ஒரே வாரத்தில் அது சென்னையிலேயே அதிகம் படம்பிடிக்கப்பட்ட இடமாகிவிட்டது. வேட்டி சட்டை கட்டி வணக்கம் சொல்லும் குதிரைமுகத் "தம்பி" சின்னம் பேருந்து நிறுத்தம், பால் பாக்கெட் வரைக்கும் வந்தது. அரசுப் பள்ளிகளில் வட்டார அளவில், மாவட்ட அளவில் செஸ் போட்டிகள் நடந்தன. விளம்பரத்தில் பயனுள்ளதாக எனக்குத் தோன்றுவது இந்தப் பள்ளிப் போட்டிகள்தான். பாலத்தைப் பார்த்தவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பள்ளியில் ஆடிய பிள்ளைக்குக் குதிரை எப்படித் தாவும் என்று தெரிந்துபோகும்.

பார்வையாளர் கட்டணத்தைப் பற்றி எனக்குக் குறை உண்டு. மாணவர்களுக்குச் சலுகை விலை இருந்தது, சரி. மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் அரங்குக்குள் இருக்க ஆயிரக்கணக்கில் டிக்கெட். பூஞ்சேரி, மாமல்லபுரத்தின் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை அது. கல்தச்சர்களும் மீனவர்களும் வாழ்கிற ஊர். அதே பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் நேரில் போய் வீட்டுமனைப் பட்டா கொடுத்தது 2021 தீபாவளி அன்றுதான். ஒன்பது மாதத்துக்குள் அந்த ஊருக்கு உலகமே வந்தது. உள்ளூர் மக்களுக்கென்று தினமும் சில நூறு இலவச இருக்கைகளைத் தனியாக ஒதுக்கியிருந்தால் எந்தக் கணக்கும் இடித்திருக்காது.

ஜோதி ஓட்டம் இன்னொரு விஷயம். ஒலிம்பியாட் வரலாற்றில் முதல்முறையாக ஜோதி ஏற்றி, ஜூன் 19 அன்று டெல்லி இந்திரா காந்தி அரங்கத்தில் பிரதமர் மோடி தொடங்கிவைக்க, 40 நாளில் 75 நகரங்கள் சுற்றி மாமல்லபுரம் வந்தது. சுதந்திரத்தின் 75-ம் ஆண்டோடு பொருத்தி எடுத்த எண் அது. அந்த ஓட்டம் காஷ்மீர் வழியாகப் போனதைக் காரணம் காட்டி, சென்னைக்கு வந்து இறங்கிவிட்ட பாகிஸ்தான் அணி தொடக்க நாளன்று விலகித் திரும்பிப் போனது. இந்திய வெளியுறவு அமைச்சகம் இதை வருத்தத்துக்குரியது என்றது. தன் நாட்டுக்குள் எந்த வழியாக ஜோதி போக வேண்டும் என்று முடிவுசெய்ய இந்தியாவுக்கு உரிமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தயாராகி வந்த பிள்ளைகள் ஒரு நகர்வுகூட ஆடாமல் விமானம் ஏறியது மனசைப் பிசைகிறது.

விளம்பரங்களில் யார் படம் போடுவது என்ற சண்டையும் நீதிமன்றம் வரை போனது. குடியரசுத் தலைவர், பிரதமர் படங்கள் இடம்பெற வேண்டும் என்று தொடக்க நாளன்றே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. இதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

தொடக்க விழா பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. 1995-ல் தெற்காசியப் போட்டிகளை நடத்திய அதே வளாகம்.

ஆட்டத்தில் நடந்தது

இது ஏற்பாடு பற்றிய ஆய்வு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ரஷ்யாவும் பெலாரசும் தடையில், சீனா வரவில்லை. பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தான் தங்கம், ஆர்மீனியா வெள்ளி. பெண்கள் பிரிவில் போரின் நடுவே வந்த உக்ரைன் தங்கம், ஜார்ஜியா வெள்ளி. இரண்டு பிரிவிலும் வெண்கலம் இந்தியாவுக்கு. நடத்தும் நாடு என்பதால் கூடுதல் அணி இறக்க இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்ததால் மூன்றாவது அணியும் இறங்கியது. பொதுப் பிரிவில் வெண்கலம் வாங்கியது அந்த இரண்டாவது அணிதான். குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், அதிபன், ரௌனக் சாத்வானி, கேப்டன் ஆர்.பி.ரமேஷ். முதல் பலகையில் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்று, அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானாவையும் வீழ்த்தி, தனிநபர் தங்கம் எடுத்தார். போட்டியை நடத்தியிருக்காவிட்டால் இந்த இளைஞர் பட்டாளத்துக்கு அந்த மேசையே கிடைத்திருக்காது.

டெல்லியோடு ஒப்பிட்டால்

2010 காமன்வெல்த் போட்டி டெல்லிக்கு என்று முடிவானது 2003 நவம்பரில். ஏழு ஆண்டு இருந்தது. 2010 செப்டம்பர் 21 அன்று, தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, நேரு விளையாட்டரங்கத்துக்கு அருகே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்தது. வீரர் குடியிருப்பின் நிலை உலகச் செய்தியானது. தலைமைத் தணிக்கையாளர் பிறகு கணக்குப் பார்த்தபோது மொத்தச் செலவு 18,500 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி 2011-ல் கைதானார்.

ஏழு ஆண்டில் டெல்லி திணறியதை நாலு மாதத்தில் சென்னை சாதித்தது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு பொருந்தாது. டெல்லி கட்ட வேண்டியிருந்தது. நீச்சல் குளம், ஓடுதளம், துப்பாக்கி சுடும் தளம், வீரர் குடியிருப்பு, மேம்பாலம், நிலம் கையகப்படுத்தல். கட்டுமானம் வந்தால் ஒப்பந்தம் வரும், ஒப்பந்தம் வந்தால் தாமதமும் கசிவும் வரும். செஸ்ஸுக்கு மேசை, நாற்காலி, வெளிச்சம், குளிர்காற்று, மின்சாரம், வலையமைப்பு போதும். ஓர் அரங்கத்தைத் தவிரச் சென்னை எதையும் கட்டவில்லை. ஊழலுக்கும் தாமதத்துக்கும் இடம்கொடுக்கும் பகுதி தொடக்கத்திலேயே இல்லாமல் போனது. இது நிர்வாகத் திறமையைக் குறைத்துச் சொல்வது ஆகாது. அந்தத் திறமை எந்த மாதிரி வேலையில் நிரூபணமானது என்று சரியாகச் சொல்வது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கட்டாததால் பொதுமக்களுக்கென்று எதுவும் மிஞ்சவும் இல்லை. ஆட்டம் நடந்த வளாகம் தனியாருடையது. 1995 போட்டிகளோடு பெயர் சேர்ந்த சென்னை நேரு அரங்க வளாகத்தில் இன்றும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். 2022-ஐக் காட்டி அப்படி ஓர் இடத்தைச் சுட்ட முடியாது. நூறு கோடியில் பத்துக் கோடி போட்டு ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு பொது செஸ் மையம் அப்போதே தொடங்கியிருக்கலாம். தால் கிளப் ஆனந்துக்குச் செய்ததை அது யாருக்கோ செய்திருக்கும்.

பிறகு

ஒலிம்பியாட் முடிந்த சூட்டில் சென்னை வரிசையாகப் போட்டிகளை எடுத்தது. 2023-ல் ஸ்குவாஷ் உலகக் கோப்பை, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி. இவை இருந்த இடத்தைச் செப்பனிட்டு நடத்தக்கூடியவை, நன்றாகவே நடந்தன. தீவுத்திடலைச் சுற்றிப் பொதுச்சாலையிலேயே நடத்த வேண்டிய ஃபார்முலா 4 கார் பந்தயத்தில் நிலைமை வேறு. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் 2024 ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போனது. சாலைகளை அடைப்பது, மருத்துவமனை வழி, இரவுச் சத்தம் என்று ஒலிம்பியாட் தொட வேண்டியே இராத கேள்விகளெல்லாம் நீதிமன்றத்தில் எழுந்தன. நகரத்துக்கு நடுவே நடத்துவதற்கும் பூஞ்சேரியில் நடத்துவதற்கும் உள்ள தூரம் அங்கே தெரிந்தது.

அதே மிக்ஜாம் டிசம்பரில் செஸ்ஸில் வேறொன்று நடந்தது. 4-ம் தேதி ஊர் வெள்ளத்தில் மிதந்தது. 15-ம் தேதி சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் என்ற எட்டுப் பேர் போட்டி தொடங்கிவிட்டது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஏற்பாடு. உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு, ஆண்டு முடிவதற்குள் இந்திய வீரர்களுக்குத் தகுதிப் புள்ளி கிடைக்கட்டும் என்று அவசரமாகப் போட்ட போட்டி என விமர்சனம் எழுந்தது. அவசரம் இருந்தது உண்மைதான். விதிக்குள்தான் நடந்தது என்பதும் உண்மை. இவ்வளவு குறுகிய காலத்தில், அதுவும் வெள்ளம் வடிந்த வேகத்தில், நடுவர், பலகை, ஒளிபரப்பு, விடுதி எல்லாவற்றையும் கூட்ட முடிந்தது. 2022-ன் ஆட்களும் பழக்கமும் கலைந்துபோகாமல் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை. ஒலிம்பியாட் விட்டுச் சென்ற சொத்து என்று ஒன்றைச் சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தப் போட்டியை வென்று குகேஷ் கேண்டிடேட்ஸுக்குத் தகுதிபெற்றார். 2024 ஏப்ரலில் டொரண்டோவில் அதையும் வென்றார். உலகப் பட்டப் போட்டியை நடத்தச் சென்னை விண்ணப்பித்தது, டெல்லியும் விண்ணப்பித்தது. வாய்ப்பு சிங்கப்பூருக்குப் போனது. 2024 டிசம்பர் 12 அன்று குகேஷ் அங்கே நடப்பு சாம்பியன் டிங் லிரனை வென்று உலக சாம்பியனானார்.